ஏழாம் பக்கத்தின் கடைசிக் கட்டம்

திருப்பத்தோடு முடிகிற சித்திரக்கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் யோசிப்பார்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். ஆனால் வேலையெல்லாம் முதல் பக்கத்தில் இருக்கிறது. விஞ்ஞானக் கதையும் பேய்க்கதையுமாகக் குட்டிக் குட்டிப் படக்கதைகள் எழுதி வரைகிற எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவை 1950க்கும் 1956க்கும் இடையில் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த இ.சி. காமிக்ஸ் இதழ்கள். ஒன்றின் விலை பத்து சென்ட். ஒரு இதழுக்குப் பெரும்பாலும் நாலு கதை. ஒவ்வொன்றும் ஆறு, ஏழு, எட்டுப் பக்கம். இன்றும் புதுக்கதை ஒன்றுக்குப் பென்சில் எடுக்கும் முன் அவற்றில் ஒன்றை எடுத்துப் படிக்காமல் எனக்கு வேலை ஓடாது.

அந்தக் கம்பெனியின் தொடக்கம் பேய்க்கும் ராக்கெட்டுக்கும் சம்பந்தமில்லாதது. மேக்ஸ் கெய்ன்ஸ் என்பவர் பைபிளையும் வரலாற்றையும் பிள்ளைகளுக்குப் படக்கதையாகத் தருவதற்காக நடத்தியது. 1947ல் அவர் படகு விபத்தில் இறந்ததும், வேதியியல் ஆசிரியராகப் போகவேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த 25 வயது மகன் வில்லியம் கெய்ன்ஸ் தலையில் எல்லாப் பொறுப்பும் விழுந்தது. அடுத்த ஆண்டு ஆல் ஃபெல்ட்ஸ்டீன் என்ற இளம் ஓவியர் வேலை கேட்டு வந்தார். இருவருக்கும் சிறுவயதில் ரேடியோவில் கேட்ட திகில் நாடகங்களின் மீது தீராத ஆசை. 1950ல் ‘டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்’, ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’, ‘தி ஹான்ட் ஆஃப் ஃபியர்’ என்ற மூன்று திகில் இதழ்களும், ‘வியர்ட் சயின்ஸ்’, ‘வியர்ட் ஃபேன்டஸி’ என்ற இரண்டு விஞ்ஞானக் கதை இதழ்களும் அந்த ஆசையில் பிறந்தன. திகில் இதழ்கள் பிய்த்துக்கொண்டு விற்றன. விஞ்ஞானக் கதை இதழ்கள் கையைக் கடித்தன. ஆனாலும் இருவருக்கும் பிடித்த பிள்ளை விஞ்ஞானக் கதைதான் என்பதால், பேய் சம்பாதித்த காசில் ராக்கெட்டை ஓட்டினார்கள். அதற்காகவே அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர்கள் கதை செய்த முறை தொழிலில் இருப்பவர்களுக்குத் திகைப்பூட்டும். கெய்ன்ஸ் உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது தூக்கத்தைக் கெடுத்தது. ராத்திரி முழுக்க விழித்துச் சிறுகதைகளாகப் படித்துத் தள்ளுவார். காலையில் ஆபீசுக்கு வரும்போது சட்டைப்பையில் துண்டுச் சீட்டுகளில் கதைப்பொறிகள் இருக்கும். ஒவ்வொன்றாக ஃபெல்ட்ஸ்டீனிடம் வீசுவார். ஃபெல்ட்ஸ்டீன் தட்டிக்கழிப்பார். ஏதோ ஒன்று பிடித்துவிட்டால் இருவரும் சேர்ந்து முடிவைப் பிடிப்பார்கள். பிறகு ஃபெல்ட்ஸ்டீன் தனியே போய் எழுதுவார். ஏறக்குறைய நாளுக்கு ஒரு கதை என்ற கணக்கில் இது வருஷக்கணக்காக நடந்தது.

அவர் எழுதியது தாளில் அல்ல. ஓவியர் வரையப்போகும் அட்டையிலேயே கட்டங்களைப் பிரித்து, விவரிப்பையும் வசனத்தையும் நேராகப் பென்சிலால் எழுதிவிடுவார். அந்த அட்டை ஜிம் ரோட்டன் என்ற எழுத்துக்கலைஞரிடம் போகும். லீராய் என்ற அச்சுப்பலகை வைத்து, பொறியியல் வரைபடத்தில் எழுதுவதுபோன்ற சீரான எழுத்தில் அவர் மை போட்டு முடிப்பார். அதற்குப் பிறகுதான் ஓவியர் கைக்கு வரும். அதாவது வாலி வுட்டோ, கிரஹாம் இங்கெல்ஸோ, ஜோ ஓர்லாண்டோவோ தூரிகையைத் தொடும்போது கட்டத்தின் மேல்பாதியை எழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சமுள்ள இடத்துக்குள் உலகத்தைக் கட்டவேண்டியது அவர்கள் பாடு.

இதைக் குறையாகத்தான் பலர் சொல்வார்கள். படத்தில் தெரிவதையே எழுத்தும் சொல்கிறது, சுமை அதிகம் என்பார்கள். சொல்வது சரிதான். ஹார்வி கர்ட்ஸ்மேன் அதே கம்பெனியில் நடத்திய போர்க்கதை இதழ்களை எடுத்துப் பாருங்கள். கையெழுத்திலேயே எழுத்து, குறைந்த வசனம், படம் மூச்சுவிடும். ஆனாலும் திருப்பக் கதைக்கு ஃபெல்ட்ஸ்டீனின் சுமை ஒரு காரியம் செய்கிறது என்பது என் அனுபவம். சித்திரக்கதைக்கு ஒரு பலவீனம் உண்டு. பக்கத்தை விரித்ததுமே வாசகர் கண் எல்லாக் கட்டங்களையும் ஒரு முறை மேய்ந்துவிடும். கடைசிக் கட்டத்தில் பிணம் எழுந்து நின்றால், முதல் கட்டத்தைப் படிக்கும்போதே பிணத்தைப் பார்த்தாயிற்று. சிறுகதை எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. குமுதத்தில் வந்த ஒரு பக்கக் கதைகளில் கூடக் கடைசி வரி வரைக்கும் கண்ணைப் பிடித்து நிறுத்தி வைக்க வரிகள் இருந்தன. படத்துக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. ஃபெல்ட்ஸ்டீனின் கனத்த விவரிப்பு அந்தக் கடிவாளமாகிறது. எழுத்துக்குள் இழுக்கப்பட்ட கண் சுலபத்தில் தாண்டிப் போகாது. அப்படியே போனாலும், எழுத்து இல்லாமல் அர்த்தமாகாத படத்தைத்தான் கடைசிக் கட்டத்தில் பார்க்கும்.

தமிழில் இதை அப்படியே செய்யமுடியாது. நம் சொற்கள் நீளம். ‘நினைத்துக்கொண்டிருந்தான்’ என்று ஒரு சொல் போட்டாலே சின்ன பலூனில் ஒரு வரி முழுக்கப் போய்விடும். மேலும் கீழும் நீளும் குறிகள் இருக்கிற எழுத்துக்கு வரிக்கு வரி இடைவெளியும் அதிகம் வேண்டும். அதனால் நான் வேறு வழி வைத்திருக்கிறேன். திருப்பம் வரும் கட்டத்தை எப்போதும் தாளின் பின்பக்கத்தில், புரட்டினால் மட்டும் தெரிகிற இடத்தில் வைப்பேன். கதை எத்தனை பக்கம் என்பதை அதுதான் முடிவு செய்யும். அச்சகத்தில் விளம்பரம் ஒன்றைச் செருகிப் பக்கத்தை ஒன்று தள்ளிவிட்டால் கதை போச்சு. ஆகவே எந்தப் பக்கத்தில் கதை தொடங்கும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் நான் கட்டம் பிரிப்பதில்லை.

இனி நான் அதிகம் திரும்பிப் போகும் கதைக்கு வருகிறேன். 1953 மார்ச்–ஏப்ரல் தேதியிட்ட ‘வியர்ட் ஃபேன்டஸி’ 18ஆம் இதழில் வந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’. எழுதியவர் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. ஏழு பக்கம்.

சிப்ரினியா என்ற கிரகத்தில் இயந்திர மனிதர்கள் மட்டுமே வாழ்கிறார்கள். விண்மீன் மண்டலக் குடியரசில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்கப் பூமியிலிருந்து டார்ல்டன் என்ற அதிகாரி வருகிறார். விண்வெளி உடை, தலையை மூடிய ஹெல்மெட். ஆரஞ்சு நிற இயந்திர மனிதன் ஒருவன் ஊரைச் சுற்றிக்காட்டுகிறான். தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே பாகங்கள், ஒரே இணைப்புகள். மேலே போர்த்தும் தகட்டில் மட்டும் வித்தியாசம். சிலருக்கு ஆரஞ்சு, சிலருக்கு நீலம். நீல நிறத்தவர்கள் எங்கே என்று டார்ல்டன் கேட்கிறார். வழிகாட்டி நெளிகிறான். அவர்களுக்கு ஊருக்கு வெளியே தனி இடம், பஸ்ஸில் பின் இருக்கை, தரம் குறைந்த வசதி. டார்ல்டன் எல்லாவற்றையும் பார்க்கிறார். உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்கிறார். எங்களுக்கு விடிவுண்டா என்று அவன் கேட்க, பூமியிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, சேர்ந்து வாழக் கற்றுக்கொண்ட பிறகே நாங்கள் விண்வெளிக்கு வந்தோம் என்கிறார். கப்பல் ஏறுகிறார். கடைசிக் கட்டத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறார். கறுப்பின மனிதர். முகத்தில் வியர்வைத் துளிகள், தூரத்து நட்சத்திரங்கள்போல மின்னுகின்றன.

இது வெளிவந்தபோது அமெரிக்கப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரவில்லை. அது 1954ல் வந்தது. மான்ட்கொமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்தது 1955 டிசம்பரில். பத்து சென்ட் இதழ் பஸ்ஸின் பின் இருக்கையை அதற்கு முன்பே வரைந்துவிட்டது.

கைவேலையாகப் பார்த்தால் இதில் நான் வியப்பது ஒன்று உண்டு. டார்ல்டன் யார் என்பதை ஓர்லாண்டோ எங்கும் மறைத்ததாகவே தோன்றாது. வேற்றுக் கிரகத்தில் ஒரு மனிதர் ஹெல்மெட் போடுவதைவிட இயல்பானது உண்டா? 1953ன் வாசகர் அந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு வெள்ளை முகத்தைத் தானே போட்டுக்கொண்டார். கதை அவரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முடிவு தெரிந்தபின் முதல் பக்கத்துக்குத் திரும்பினால், டார்ல்டன் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கனமாகிவிடுகிறது. நீல நிறத்தவர்களின் இடத்தையும் பார்க்கவேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நிற்பது அதிகாரியின் கடமையாகத் தெரிந்தது முதல் வாசிப்பில். இரண்டாம் வாசிப்பில் அங்கே நிற்பவர் வேறு மனிதர். கோலத்துக்குப் புள்ளிகள் எல்லாம் முதலிலேயே வைத்தாயிற்று, இழை மட்டும் கடைசியில் வந்தது. கடைசிக் கட்டத்தில் யாரும் வாய் திறந்து எதையும் விளக்குவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

அதே கம்பெனியின் ‘தி பேட்ரியட்ஸ்’ கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘ஷாக் சஸ்பென்ஸ்டோரிஸ்’ இரண்டாம் இதழில் ஜாக் டேவிஸ் வரைந்தது. ராணுவ ஊர்வலம் போகிறது. கொடி வரும்போது ஒருவன் தொப்பியைக் கழற்றவில்லை, உதட்டில் ஏளனம் வேறு. துரோகி என்று கூட்டம் அடித்தே கொன்றுவிடுகிறது. பிறகு தெரிகிறது, போரில் பார்வை இழந்த வீரர் அவர். ஏளனம் என்று நினைத்தது காயம் விட்டுப்போன முகம். துணிச்சலான கதை, நேர்மையான கதை. ஆனால் உண்மையை மனைவி வந்து வாயால் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த ஒரு காரணத்தால் ‘ஜட்ஜ்மென்ட் டே’க்கு ஒரு படி கீழே வைப்பேன்.

திருப்பம் எங்கே பிறக்கிறது என்பதற்கு இன்னொரு நல்ல பாடம் ‘ஹோம் டு ஸ்டே’. 1952ல் ‘வியர்ட் ஃபேன்டஸி’ 13ல் வந்தது. ரே பிராட்பரியின் இரண்டு சிறுகதைகளை அனுமதி கேட்காமலே எடுத்துக் கலந்திருந்தார்கள். ஒன்றில் ராக்கெட் சிதறி, விண்வெளி வீரர்கள் வெட்டவெளியில் விழுகிறார்கள், ஒருவன் பூமியை நோக்கி எரிந்து விழுகிறான். மற்றதில் அடிக்கடி விண்வெளிக்குப் போய்விடும் அப்பாவுக்காக ஒரு பையன் வீட்டில் காத்திருக்கிறான். இரண்டையும் சேர்த்ததும் புதிதாக ஒன்று உண்டாகிறது. பையன் வானத்தில் எரிநட்சத்திரத்தைப் பார்த்து, அப்பா இனி வீட்டோடு இருந்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். அந்த எரிநட்சத்திரம்தான் அப்பா. பிராட்பரிக்குக் கோபம் வந்திருக்கலாம். அவர் எழுதியதோ பணிவான ஒரு கடிதம்: இரண்டு கதைக்கும் சேர்த்து ஐம்பது டாலர் அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று. கெய்ன்ஸ் பணத்தை அனுப்பினார். அதன்பின் பிராட்பரியின் கதைகள் முறையான அனுமதியோடு, அவர் பெயர் போட்டு வரத் தொடங்கின.

எடுத்தது தவறு. ஆனால் சேர்த்தது பெரிய கை. பூமியிலிருந்து பார்ப்பவர், மேலிருந்து விழுகிறவர் என்று இரண்டு பார்வைகளை ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியதும் திருப்பம் தானாக விழுந்தது. கதை தேங்கி நிற்கும்போது நான் இதைத்தான் செய்து பார்க்கிறேன். புது நிகழ்ச்சி ஒன்றைத் தேடாமல், கதையில் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு ஆளின் கண்ணால் அதே நிகழ்ச்சியை வரைவேன். பாதி நேரம் முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

ஜானி கிரெய்க் தன் கதைகளைத் தானே எழுதி வரைந்தவர். 1954ல் ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’ 35ல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் கதையைத் திகில் வரைகிற எல்லோரும் படிக்கவேண்டும். கிறிஸ்துமஸ் இரவில் ஒருத்தி கணவனைக் கொல்கிறாள். அதே நேரம் சான்டா கிளாஸ் உடையில் ஒரு பைத்தியக்காரக் கொலைகாரன் வெளியே திரிகிறான். போலீசைக் கூப்பிட்டால் பிணத்தைக் காட்டவேண்டும். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அவள் ஓடி ஓடி அடைக்கிறாள். மாடியில் சான்டாவுக்காகக் காத்திருக்கும் சின்ன மகளை மட்டும் மறந்துவிடுகிறாள். நாமும் மறந்துவிடுகிறோம். மகள் அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருகிறாள். ரத்தமும் அழுகலும் இல்லாமல் வயிற்றைப் புரட்டுகிற கதை. 1972ல் ஒரு சினிமாவின் பகுதியாகவும் 1989ல் ஒரு டி.வி. தொடரின் பகுதியாகவும் இதை எடுத்தார்கள். இரண்டிலும் அந்தக் கதவு அப்படியே இருக்கிறது.

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். நாளுக்கு ஒன்று எழுதினால் எப்படி இருக்கும்? கணவன் மனைவியைக் கொல்வான், பிணம் எழுந்து வரும், சரி. கிரஹாம் இங்கெல்ஸ் ஊற ஊற வரைந்த அழுகிய பிணங்கள் படமாக அபாரம். கதையாக அவை பழிக்குப் பழி, அதற்குமேல் ஒன்றுமில்லை. திருப்பம் என்று அவற்றைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பேஸ்பால் வீரனின் உடல் உறுப்புகளை வைத்தே விளையாடுகிற ‘ஃபவுல் ப்ளே’ கதை பின்னாளில் காமிக்ஸை எதிர்த்தவர்கள் கையில் சாட்சியாகப் போனது. நிறம் தீட்டிய மேரி செவரின் சில கோரமான கட்டங்களை ஒரே நிறத்தில் அமிழ்த்திவிட்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்த ஆபீசில் ஒருவராவது அளவு தெரிந்து வேலை செய்தார் என்று தோன்றும்.

‘மாஸ்டர் ரேஸ்’ தனி ரகம். 1955ல் ‘இம்பாக்ட்’ முதல் இதழில் வந்தது. பெர்னார்ட் கிரிக்ஸ்டீனுக்குக் கொடுக்கப்பட்டது எழுத்தெல்லாம் முடிந்த ஆறு பக்கம். அதில் கட்டங்களை மாற்ற ஓவியருக்கு உரிமை கிடையாது. அவர் கூடுதல் பக்கங்கள் கேட்டு வாதாடி, அட்டைகளை வெட்டி, எழுத்துத் துண்டுகளை மறுபடி ஒட்டி எட்டுப் பக்கமாக்கினார். கார்ல் ரைஸ்மன் என்பவர் நியூயார்க் சுரங்க ரயிலில் ஏறி உட்காருகிறார். விவரிப்பு அவரை முன்னிலையில் கூப்பிட்டே பேசுகிறது. அடுத்த நிறுத்தத்தில் கறுப்பு உடையில் ஒருவர் ஏற, ரைஸ்மனுக்கு நாஜிகளின் பெல்சன் வதைமுகாம் நினைவுக்கு வருகிறது. பழிவாங்குவேன் என்று அங்கே சபதம் செய்த முகம் இது. ஒடுங்கி நடுங்குகிற ரைஸ்மன் முகாமில் துன்பப்பட்டவர் என்றே நாம் எண்ணுகிறோம். அவர்தான் முகாமின் தளபதி. தப்பி ஓடிப் பிளாட்பாரத்தில் சறுக்கி ரயில் முன்னே விழுகிறார். கறுப்பு உடைக்காரர் என்ன சொல்கிறார்? அவரைத் தனக்குத் தெரியாது என்கிறார். உண்மையிலேயே தெரியாதா, மறைக்கிறாரா என்பதைக் கதை சொல்லாது.

அந்த ரயில் கடந்துபோகும் இடத்தைப் பாருங்கள். கிரிக்ஸ்டீன் உயரமான ஒல்லிக் கட்டங்களாக நறுக்கியிருக்கிறார். ஜன்னலில் இருக்கும் பயணிகளின் முகங்கள் ஒரே கட்டத்துக்குள் மறுபடி மறுபடி வரையப்பட்டிருக்கின்றன. வேகத்தைக் காட்ட எல்லோரும் கோடு இழுப்போம். அவர் முகத்தையே திரும்பத் திரும்பப் போட்டார். ஒரு மனிதன் சாகிற அரை நொடியை வாசகர் பல கட்டம் படிக்கவேண்டியிருக்கிறது. ஃபெல்ட்ஸ்டீன் எழுத்தால் கண்ணை நிறுத்தினார். கிரிக்ஸ்டீன் கட்டத்தின் அகலத்தாலேயே அதைச் செய்துவிட்டார். வசனத்தைக் குறைக்கவேண்டிய நம் மொழிக்கு இது ஃபெல்ட்ஸ்டீனின் வழியைவிடப் பொருந்துகிறது.

இந்தக் கதை வந்தபோது கம்பெனி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் 1954ல் புத்தகம் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று செனட் துணைக்குழு முன் கெய்ன்ஸ் தானாக முன்வந்து சாட்சி சொன்னார். வெட்டுண்ட தலையோடு இருந்த ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்க, திகில் இதழின் அட்டைக்கு அது சரிதான் என்று பதில் சொன்னார். மறுநாள் பத்திரிகைகள் அவரைச் சும்மா விடவில்லை. பதிப்பாளர்கள் சேர்ந்து தணிக்கை விதிகள் கொண்டுவந்தார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் கூடாது, நடமாடும் பிணம் கூடாது, ஓநாய் மனிதன் கூடாது. திகில் இதழ்கள் நின்றன. வெர்தாம் தன் சான்றுகளைத் திரித்திருந்தார் என்று அவருடைய கோப்புகளை ஆராய்ந்த கரோல் டில்லி பல பத்தாண்டு கழித்து, 2012ல் காட்டினார்.

1956 பிப்ரவரி தேதியிட்ட ‘இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ 33ல் ‘ஜட்ஜ்மென்ட் டே’யை மறுபடி போட முடிவானது. தணிக்கை நிர்வாகி, நீதிபதி சார்லஸ் மர்ஃபி, விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். கதையே அதுதான் என்று ஃபெல்ட்ஸ்டீனும் கெய்ன்ஸும் நின்றார்கள். வெளியே சொல்லிவிடுவேன் என்று கெய்ன்ஸ் மிரட்டிய பிறகு, அந்த வியர்வைத் துளிகளையாவது எடுங்கள் என்று பேரம் வந்தது. மாட்டேன் என்றார். கதை ஒரு கோடும் மாறாமல் அச்சானது. இ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான். அதன்பின் கம்பெனி ‘மேட்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையோடு மட்டும் தொடர்ந்தது.

கெய்ன்ஸ் மூலப் படங்களை எறியாமல் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் பின்னாளில் நல்ல மறுபதிப்புகள் வந்தன, இன்றும் வாங்கக் கிடைக்கின்றன. படக்கதை வரையப் பழகுகிற தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான். ‘மாஸ்டர் ரேஸ்’ எட்டுப் பக்கங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தையும் எழுத்தையும் விட்டுவிட்டு, கட்டங்களின் கோடுகளை மட்டும் ஸ்கேல் வைத்து வெறும் தாளில் போடுங்கள். எந்த இடத்தில் கட்டம் ஒல்லியாகிறது, எந்த இடத்தில் விரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் அடுத்த கதையின் முதல் பக்கத்தை வரையுங்கள்.